தெருவுக்கு உருட்டி வரப்பட்ட பியானோ: பியூனஸ் அயர்ஸின் இலவச டாங்கோ கச்சேரிகள் குறித்து

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அர்ஜென்டினத் தலைநகர் பியூனஸ் அயர்ஸின் சான் தெல்மோ வட்டாரத்தில், ஞாயிறுதோறும் இளைஞர் குழுவொன்று கருங்கல் பாவிய டெஃபென்சா தெருவுக்குப் பியானோ ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தது. நான்கு பாந்தோனியோன்கள், வயலின்கள், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், ஒரு பாடகர் எனப் பன்னிருவர் அளவிலான அக்குழுவின் பெயர் ஃபெர்னாந்தெஸ் ஃபியெர்ரோ. நுழைவுச் சீட்டு இல்லை. வாசித்து முடித்தபின் கூட்டத்தினரிடையே தொப்பி சுற்றி வரும். சமகால டாங்கோ வரலாற்றில் அக்காட்சிக்கு நிலையான இடமுண்டு. எனினும் அதைத் தெருவோரப் பாடகரின் கதையாகச் சுருக்கிவிடுவோர் அதன் பொருளைத் தவறவிடுகின்றனர். கிதாரோடு ஒருவர் தெருவில் நிற்பது எந்நகரிலும் காணக்கூடியது. பியானோவோடு ஒரு முழு 'ஓர்கெஸ்தா டிபிகா' தெருவில் நிற்பதற்கு, அந்நகரின் அரை நூற்றாண்டுப் பொருளாதாரம் சரிந்திருக்க வேண்டும்.

சான் தெல்மோவின் கதையை 1871இன் மஞ்சள் காய்ச்சலிலிருந்து தொடங்குவது வழக்கம். 13,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அக்கொள்ளைநோய்க்குப் பின் செல்வர்கள் நகரின் வடபகுதிக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் தாளமும், சமவெளிப் பாடகரின் மெட்டும், குடியேறிகளின் கருவிகளும் கலந்த நகர விளிம்புகளிலேயே டாங்கோ உருப்பெற்றது.

அவ்விசை பெரும் இசைக்குழுக்களின் கலையாக வளர்ந்ததற்குக் காரணம் அதை வாங்குவோர் இருந்ததே. 1935 முதல் 1955 வரையிலான இருபதாண்டுகள் பொற்காலம் எனப்படுகின்றன. வானொலி நிலையங்கள், வட்டாரக் கழகங்களின் நடன இரவுகள், கார்னிவல் கொண்டாட்டங்கள், இசைத்தட்டு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுத்தன. தாரியென்சோ, த்ரொய்லோ, தி சார்லி, புக்லியேசே ஆகியோரின் குழுக்கள் கூலி பெறும் தொழிலாளர்களின் குழுக்களாகவும் இருந்தன என்பதை நடன ரசிகர்கள் எளிதில் மறந்துவிடுவர். 1955இல் பெரோனின் ஆட்சி இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. நடனக் கூடங்கள் தளர்ந்தன, வெளிநாட்டு இசை வந்தது, தொலைக்காட்சி வந்தது. பெரிய குழுவை வைத்துக் காப்பாற்ற முடியாதென்ற நிலையில் நால்வர், ஐவர், அறுவர் குழுக்களே மிஞ்சின.

இவர்களுள் ஓஸ்வால்தோ புக்லியேசே தனித்துப் பார்க்கத்தக்கவர். 1905இல் பிறந்த இப்பியானோ கலைஞர் 1936இல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். இசைக்கலைஞர் சங்கத்தை உருவாக்கியோருள் ஒருவர். 1939இல் தொடங்கிய தம் குழுவை அவர் கூட்டுறவாக நடத்தினார். ஒவ்வொருவரின் பங்களிப்புக்கும் புள்ளிகள் கணக்கிடப்பட்டு, வருவாய் அதற்கேற்பப் பகிரப்பட்டது. அரசியல் காரணங்களுக்காக அவர் சிறையிலிருந்த நாட்களிலும் குழு மேடையேறியது. இயக்குநரின் இருக்கை வெறுமையாக இருக்க, பியானோவின் மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் மலர் வைக்கப்பட்டிருக்கும். மலரைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். மலர் வைக்கப்பட்ட இரவுகளிலும் உறுப்பினர்களுக்கு வேலையும் பங்கும் நின்றுபோகவில்லை என்பதே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது. குழு ஒருவரின் உடைமையாக இருந்திருந்தால் அவரது கைதோடு அது கலைந்திருக்கும். அவருடைய 'லா யும்பா' என்னும் படைப்பின் பெயரே அக்குழுவின் தாளத்தை ஒலிக்கிறது: முதலாம் மூன்றாம் அடிகளில் பாரம் இறங்கி, இடையடிகள் ஆழத்திலிருந்து இழுபட்டு எழும் நடை. 1985 டிசம்பர் 26 அன்று, பெருஞ்செல்வரின் ஓப்பரா அரங்கான தேயாத்ரோ கொலோனில் அக்குழு வாசித்தபோது புக்லியேசேக்கு வயது எண்பது.

கருவியின் வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். பாந்தோனியோன் ஜெர்மானியக் கருவி. கிரேஃபெல்ட் நகரின் ஹைன்ரிஹ் பாண்ட் என்பாரின் பெயரை அது தாங்கியுள்ளது. காற்றால் அதிரும் உலோக நாக்குகளால் ஒலிப்பதால் நம் ஆர்மோனியத்துக்கு உறவு. ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்து இந்தியாவில் குடியேறியது போலவே இதுவும் கடல் கடந்து வேறொரு மக்களின் குரலாயிற்று. டாங்கோ கலைஞர் கையாளும் வகையில் 71 பொத்தான்கள். துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது பெரும்பாலும் வேறொரு சுரம். அதாவது ஒரே கருவியை இருமுறை கற்க வேண்டும். சாக்சனியின் கார்ல்ஸ்ஃபெல்டில் ஆல்ஃபிரட் ஆர்னால்டு பட்டறையில் செய்யப்பட்ட 'இரட்டை ஏ' கருவிகளே அர்ஜென்டினாவில் பெரிதும் போற்றப்பட்டவை. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனி அப்பட்டறையை அரசுடைமையாக்கியது. 1964இல் அங்கு உற்பத்தி நின்றது. அதன்பின் இருப்பவை பழைய கருவிகளே. 2002இல் பெசோவின் மதிப்பு வீழ்ந்தபோது டாலர் வைத்திருந்த அயல்நாட்டாருக்கு அவை மலிவாயின. நாட்டின் கருவிகள் வெளியேறுவதைத் தடுக்க 2009இல் பாந்தோனியோனுக்கென்றே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தெருவில் வாசித்த இளைஞர் ஒவ்வொருவரின் மடியிலும் அத்தகைய அருகிய பொருளொன்று இருந்தது.

அருகிப்போனவற்றுள் கற்பித்தலும் ஒன்று. பொற்காலக் கலைஞர்கள் பள்ளியில் படித்து டாங்கோ வாசித்தவர்கள் அல்லர். மூத்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள். குழுக்கள் கலைந்ததும் அந்தப் பக்கத்து நாற்காலி இல்லாமற்போயிற்று. 2000இல் டபுள் பாஸ் கலைஞர் இக்னாசியோ வர்ச்சவ்ஸ்கியின் முயற்சியால் தொடங்கிய இசைக்குழுப் பள்ளி இவ்விடைவெளியை நிரப்ப முனைந்தது. புக்லியேசேயிடம் பல்லாண்டு வாசித்த, ஓய்விலிருந்த எமிலியோ பல்கார்சே அதை நடத்த அழைக்கப்பட்டார். ஃபெர்னாந்தெஸ் ஃபியெர்ரோவின் முதல் இயக்குநரான ஹூலியான் பெரால்தா, வாய்வழியாக மட்டுமே வழங்கிவந்த இசைக்குழு நுட்பங்களைத் தொகுத்து 2008இல் நூலாக்கினார்.

இத்தகைய நேரத்தில்தான் நெருக்கடி வந்தது. 1991 முதல் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று கட்டிப்போட்டிருந்த ஏற்பாடு முறியும் நிலைக்கு வந்தது. 2001 டிசம்பர் தொடக்கத்தில் மக்கள் தம் சேமிப்பை எடுக்க இயலாதபடி வங்கிகளில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 19, 20 தேதிகளில் பாத்திரங்களைத் தட்டியபடி மக்கள் தெருவில் இறங்கினர். அடக்குமுறையில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தே லா ரூவா பதவி விலகி மாளிகையிலிருந்து ஹெலிகாப்டரில் வெளியேறினார். வட்டார மக்கள் மன்றங்கள், பண்டமாற்றுச் சந்தைகள், தொழிலாளரே ஏற்று நடத்திய ஆலைகள் தோன்றிய அக்காலத்தில், கூட்டுறவாக இயங்கும் ஓர் இசைக்குழு விந்தையாகத் தோன்றவில்லை. அவ்விளைஞர் புக்லியேசேயிடமிருந்து யும்பா நடையோடு கணக்கேட்டையும் எடுத்துக்கொண்டனர். முதலாளி இல்லை, இசைத்தட்டு நிறுவனம் இல்லை. தம் இசைத்தட்டுகளைத் தாமே வெளியிட்டு, வாசிக்கும் இடத்திலேயே விற்றனர்.

'இலவசக் கச்சேரி' என்ற சொல்லை இவ்விடத்தில் சற்று ஐயத்துடன் அணுக வேண்டும். பியூனஸ் அயர்ஸ் மாநகருக்கென 1980இல் தொடங்கிய டாங்கோ இசைக்குழுவும் இலவசமாக வாசிக்கிறது. அங்கே கலைஞர்க்கு மாதச் சம்பளம் உண்டு, செலவு மக்களின் வரிப்பணம். தெருக்குழுவின் இலவசம் வேறு. அதன் செலவை முதலில் ஏற்போர் கலைஞர்கள். பிறகு, இயன்றவர் இயன்றதைத் தொப்பியில் இடுகின்றனர். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதனால் பின்னதன் உழைப்பு மறைந்துபோகிறது. சுற்றுலாப் பயணிகளுக்காக இரவு விருந்தோடு டாலர் விலையில் விற்கப்பட்ட டாங்கோ காட்சிகளுக்குச் செல்ல இயலாத உள்ளூர் மக்கள், தம் பாட்டனாரின் இசையை முழுக் குழுவாகக் கேட்டது பெரும்பாலும் இவ்விரு இலவசங்களால்தான். அவர்களுள் பலருக்கு அது பழைய இசையாகக்கூடத் தோன்றியிராது. இறுகிய முகங்களோடு, ராக் குழுவின் உரப்போடு வாசித்த அவ்விளைஞரைப் பார்த்து மரபாளர் சிலர் முகம் சுளித்ததும் உண்மை.

2004இல் அக்குழு அபாஸ்தோ வட்டாரத்தில் பழைய வாகனப் பழுதுபார்ப்புக் கூடமொன்றைத் தன் மன்றமாக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று க்ரொமன்யோன் என்னும் ராக் இசைக்கூடத்தில் மூண்ட தீயில் 194 பேர் மாண்டனர். அதன்பின் இறுகிய உரிம விதிகளால் நகரின் சிறு அரங்குகள் பல மூடப்பட்டன. கூரை உள்ள இடம் கிடைப்பது அரிதாகியது. தெருவுக்கோ உரிமக் கட்டணமில்லை. எல் அஃப்ரோந்தே போன்ற குழுக்கள் சான் தெல்மோவின் ஞாயிற்றுத் தெருக்களில் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தன. 2009இல் டாங்கோ யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2018இல் தெரு இரைச்சலுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தத்தை நகர அரசு முன்மொழிந்தபோது, அதை எதிர்த்துத் தெருக்கலைஞர்கள் தம் கருவிகளோடு திரண்டனர்.