தியாகமும் தவறும்: பிறரைக் காக்க ஏற்கும் இழப்பினை யார் பொறுப்பது?

வீதியில் விரையும் மோட்டார் வாகனத்தின் முன்னே சிறுவன் ஒருவன் எதிர்பாராது குறுக்கிடுகிறான். பிறேக்கை அழுத்தினாலும் பயனில்லை. சாரதி அறிந்தே வாகனத்தைத் திருப்பி மரத்தில் மோதுகிறான். சிறுவன் பிழைக்கிறான்; வாகனம் சிதைகிறது; சாரதி ஊறுபடுகிறான். காப்புறுதி ஒப்பந்தம் இந்நிகழ்ச்சியை நோக்கி இரு வினாக்களையே எழுப்பும். இது விபத்தா? தவறு யாருடையது? அறிந்தே செய்யப்பட்டமையால் இதனை விபத்து எனத் தயக்கமின்றிக் கூறவியலாது. ஓர் உயிரைக் காத்தமையால் தவறு என்றும் கூறவியலாது. விபத்துக்கும் தவறுக்கும் இடையே, தியாகம் என்னும் செயலுக்குச் சட்டத்தின் சொற்றொகுதியில் இடம் யாது?

இவ்வினா மோட்டார் வாகனத்தோடு பிறந்ததன்று. பிறர்பொருட்டு வேண்டுமென்றே விளைவிக்கப்படும் இழப்பினை யார் பொறுப்பது என்பது ஈராயிரம் ஆண்டுகட்கு மேலாகச் சட்டம் எதிர்கொண்ட பிரச்சினையாகும். அதற்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளை அவ்வக்காலச் சமூக உறவுகளின் பகைப்புலத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடலின் நியாயம்

கி.பி. 533 இல் பேரரசன் ஜஸ்ரினியனின் ஆணைப்படி வெளியான டைஜெஸ்ட் என்னும் உரோமச் சட்டத் தொகுப்பின் 14 ஆம் நூலில், உறோட்ஸ் தீவின் பெயரால் வழங்கும் கடல் விதியொன்று இடம்பெறுகின்றது. புயலில் அகப்பட்ட கப்பலை இலகுவாக்கும் பொருட்டு ஒருவரின் சரக்குக் கடலில் எறியப்படின், எல்லோர்க்காகவும் கொடுக்கப்பட்ட அதனை எல்லோரும் பங்களித்து ஈடுசெய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இங்கு 'யார் தவறு?' என்ற வினா எழவில்லை. 'யார் பயன் பெற்றனர்?' என்ற வினாவே எழுந்தது. கப்பலுடையார் பங்களித்தனர். பயணிகள் அணிந்திருந்த ஆடையும் மோதிரமுங்கூடக் கணக்கிற் சேர்க்கப்பட்டன. உண்பதற்கெனக் கொண்டுவந்த உணவு மட்டும் விலக்கப்பட்டது. வழியில் உணவு தீர்ந்துபோனால் அவரவர் வைத்திருப்பது பொதுவாகிவிடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இவ்விதி 'பொதுவிழப்புப் பங்கீடு' என இன்றும் வாழ்கின்றது. 2021 இல் சுயெஸ் கால்வாயைத் தரைதட்டி அடைத்த 'எவர் கிவன்' கப்பலின் உரிமையாளர் மீட்புச் செலவிற்குச் சரக்குரிமையாளரிடம் பங்கு கோரியது இவ்விதியின் பேரிலேயே. ஆயினும் இதனை ஆதிப் பொதுவுடைமையின் எச்சமாகக் கொண்டு பரவசமடைதல் தவறாகும். இது உடைமையாளரின் கூட்டு. பொருளைக் காத்தவருக்குப் பொருளுடையார் தரும் ஈடு. சுதந்திர மனிதரின் உடலுக்கு விலைமதிப்பு இயலாது எனக் கூறி, காக்கப்பட்ட உயிர்களை அவ்விதி கணக்கிலிருந்து நீக்கிற்று.

இந்நீக்கத்தின் விளைவு 1608 இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட மௌஸ் வழக்கிற் புலனாகும். கிரேவ்ஸ்எண்டிலிருந்து இலண்டன் சென்ற பயணிகள் படகொன்று புயலிற் சிக்கியபோது, 113 பவுண் கொண்ட ஒருவரின் பேழையைச் சகபயணி ஒருவர் ஆற்றில் எறிந்தார். உயிர்களைக் காக்கச் செய்தமையால் எறிந்தது குற்றமன்று என நீதிமன்றம் கூறிற்று. படகோட்டி மிகையான பாரம் ஏற்றியிருந்தால் அவன் பொறுப்பாவான். இயற்கையின் செயலாயின் இழந்தவரே இழப்பைத் தாங்கவேண்டும். சரக்குக் காக்கப்பட்டால் பங்கீடு. உயிர் காக்கப்பட்டாலோ பங்கீடில்லை. உயிர் விலைமதிப்பற்றது என்னும் உயரிய கூற்று, உயிரைக் காத்ததற்கு எவரும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்ற முடிவுக்கும் வழிசெய்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

2. சரக்காக்கப்பட்ட மனிதர்

மனிதருக்கு விலை குறிக்கப்பட்டபோது இதே நியாயம் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதற்குச் சோங் கப்பலின் வரலாறு சான்றாகும். லிவர்பூல் வணிகக் கூட்டொன்றுக்குச் சொந்தமான அக்கப்பல், 1781 ஓகஸ்டில் 442 அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கருடன் அக்ராவிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 29 முதல் சில நாள்களில் ஏறத்தாழ 130 பேர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். குடிநீர்த் தட்டுப்பாடே காரணமெனக் கூறப்பட்டது. ஆயினும் அந்நாள்களில் மழை பெய்திருந்தது. டிசெம்பர் 22 இல் யமேக்காவை அடைந்தபோது கப்பலில் 420 கலன் நீர் எஞ்சியிருந்தது.

காப்புறுதியின் கணக்கு வேறாக இருந்தது. நோயால் இறப்போருக்கு ஈடில்லை. எஞ்சியோரைக் காக்கும் அவசியத்தால் எறியப்பட்ட 'சரக்கிற்கு' ஈடுண்டு. எனவே ஆளொன்றுக்கு 30 பவுண் கோரப்பட்டது. 1783 மார்ச்சில் யூரிமார் உரிமையாளருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். முன்னாள் அடிமையான ஒலாடா இக்குவியானோ இச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப்புக்கு எடுத்துச் சென்றார். மே மாதத்தில் மான்ஸ்பீல்ட் பிரபுவின் தலைமையிலான நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. அது நடந்ததற்குச் சான்றில்லை. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை. வழக்கு முழுவதும் காப்புறுதி வழக்காகவே நடந்தது.

இங்கு குறிப்பிடவேண்டிய முரணொன்றுண்டு. கடலில் மாண்ட அடிமைகளையும் பங்கீட்டுக்கென மதிப்பிடலாகாது என டைஜெஸ்டே கூறியிருந்தது. அடிமையுடைமைச் சமூகமான உரோமின் சட்டநூல் தயங்கிய இடத்தில் வணிக மூலதனம் தயங்கவில்லை. மனித உறவுகள் பண்டங்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றமளிப்பதை மாக்ஸ் 'மூலதனம்' நூலில் (1867) விளக்கினார். சோங் வழக்கில் அது வெறுந் தோற்றமாக நிற்கவில்லை. நீதிமன்றத்தின் நடைமுறையாகவே அமைந்தது. தியாகத்தின் மொழியைக் கொலையின் கணக்கேடு கடன்வாங்கிக்கொண்டது.

3. தவறின் ஆட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைத்தொழில் முதலாளித்துவம் இழப்பைத் தனிமனிதரின் தவறோடு பிணைத்தது. தவறு நிறுவப்படாதவிடத்து இழப்பு விழுந்த இடத்திலேயே கிடக்கும். 'விரும்பி ஏற்றவனுக்குத் தீங்கில்லை' என்னும் பழைய இலத்தீன் வாய்பாடு இக்காலத்தில் இருவருக்கு எதிராகப் பயன்பட்டது. ஒருவன் ஆபத்தை அறிந்தே வேலைக்குச் சென்ற தொழிலாளி. மற்றவன் ஆபத்தை அறிந்தே மீட்கச் சென்றவன். முன்னவனுக்கு எதிரான அதன் கடுமையை 1891 இல் ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் பிரபுக்கள் சபை தளர்த்தியது. பின்னவனுக்காக, ஆபத்தை உண்டாக்கியவன் மீட்க வருவோனையும் எதிர்பார்க்கக் கடமைப்பட்டவன் என்ற கருத்தை 1921 இல் நியூயோர்க்கில் நீதியரசர் கார்டோசோ நிலைநாட்டினார். 1935 இன் ஹேய்ன்ஸ் எதிர் ஹார்வுட் வழக்கில், கட்டறுத்தோடிய குதிரைகளைத் தடுத்து ஊறுபட்ட பொலிஸ்காரருக்கு இங்கிலாந்திலும் நட்டஈடு கிடைத்தது.

இவை முன்னேற்றங்களே. எனினும், இவற்றிலும் ஈடு கிடைப்பது ஆபத்துக்குக் காரணமான தவறாளி ஒருவன் இருக்கும்போது மட்டுமே. 1930 இல் பிரித்தானியாவில் கட்டாயமாக்கப்பட்ட மூன்றாந் தரப்புக் காப்புறுதியும் பிறருக்கு விளைத்த தீங்குக்குரியதே. பிறருக்குத் தீங்கு விளையாதவாறு தானே ஏற்ற தீங்குக்கு உரியதன்று.

4. யேர்மானியத் தீர்ப்பும் அதன் எல்லையும்

நமது பிரச்சினையை நேர்நின்று எதிர்கொண்டது மேற்கு யேர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றமாகும். மிதிவண்டியில் வந்த சிறுவனைக் காக்க வாகனத்தைத் திருப்பி இழப்புற்ற சாரதியின் வழக்கில் 1962 நவம்பர் 27 இல் அது தீர்ப்பளித்தது. கேளாமலே பிறர் காரியத்தைப் பொறுப்பேற்று நடத்தியவனுக்குச் செலவு மீளவேண்டும் என்னும் உரோமச் சட்டக் கோட்பாடே அதன் அடிப்படை. அண்டைவீட்டார் இல்லாதபோது அவர் கூரையைச் செப்பனிட்டவனுக்குரிய நியாயம் சாரதிக்கும் உரியதாயிற்று.

ஆனால் தீர்ப்பு இரு எல்லைகளை வகுத்தது. யேர்மனியில் வாகனமுடையார் தவறின்றியும் பொறுப்பாவார். தவிர்க்கவியலா நிகழ்ச்சி என நிறுவினாலே விடுபடுவார். அவ்வாறு நிறுவ முடியாத சாரதி, சிறுவனைக் காத்தபோது தன் பொறுப்பையே தவிர்த்துக்கொண்டான், ஆகவே உரிமையில்லை. நிறுவினாலும் முழு ஈடில்லை. வாகனமே ஆபத்தின் ஊற்றாதலால் இழப்பு பகிரப்படவேண்டும். விளைவு விந்தையானது: சிறுவனை மோதியிருந்தால் பொறுப்புக் காப்புறுதி ஈடு கொடுத்திருக்கக்கூடும், மோதாது விட்டமையாற் சாரதி சிறுவனிடமே கேட்க நேர்ந்தது.

2002 இல் தவிர்க்கவியலா நிகழ்ச்சி என்னும் விலக்கு வாகனம் ஓட்டாதோர் தொடர்பில் நீக்கப்பட்டது. குழந்தைகளையும் பாதசாரிகளையும் காக்கும் முற்போக்கான மாற்றம் அது. ஆயினும் 1962 இன் தீர்ப்பு நின்ற அடித்தளத்தையும் அது தளர்த்திற்று. தனிமனிதர் இருவருக்கிடையே இழப்பைத் தள்ளிவிடும் சட்டகத்தினுள் ஒருவருக்கு நியாயம் செய்கையில் மற்றவருக்கு அநியாயம் நேர்வது தவிர்க்கவியலாதது.

2017 பெப்ரவரியில் மியூனிக் அருகே விரைவுச்சாலையில் சாரதி ஒருவர், மயக்கமுற்ற ஒருவரின் வாகனத்துக்கு முன்னே தம் மின்வாகனத்தைச் செலுத்தி, அதனைத் தம் வாகனத்தின் பின்புறத்தில் மோதவிட்டு நிறுத்தினார். திருத்தச் செலவை ஏற்பதாக அவ்வாகனத்தைத் தயாரித்த டெஸ்லா நிறுவனத்தின் தலைவர் அறிவித்தார். உரிமையாக வேண்டியது கொடையாக வந்தது, கொடை விளம்பரமுமாயிற்று. ஆனால் அந்நாட்டிலேயே வேறொரு வழியும் உண்டு. 1997 இல் நடைமுறைக்கு வந்த சமூகச் சட்டக்கோவையின் ஏழாம் நூல், ஆபத்திலிருப்போரை மீட்போரைத் தவணைப்பணம் ஏதும் பெறாமலே பொது விபத்துக் காப்புறுதியில் சேர்க்கிறது. மீட்பின்போது நேரும் பொருட்சேதத்துக்கும் ஈடளிக்கிறது. யார் தவறு என்று அது கேட்பதில்லை. உறோட்ஸின் நியாயம் இங்கு உடைமையாளரின் கூட்டைவிட்டுச் சமூகத்தின் கூட்டுக்கு நகர்கிறது.

5. நமது சட்ட மரபு

இலங்கைக்கு இவ்வாய்வு அயலானதன்று. நமது பொதுச் சட்டம் உரோமன் ஒல்லாந்தச் சட்டமாதலால், பிறர் காரியத்தைப் பொறுப்பேற்றவனுக்குரிய கோட்பாடு நமக்கும் உரியது. ஆனால் 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கடல்சார் விடயங்களிலும் காப்புறுதி முதலாய வணிக விடயங்களிலும் ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்திற்று. பெருந்தோட்டப் பொருளாதாரம் காலூன்றிய காலத்தில், அதன் வணிகம் பேசவேண்டிய மொழி இலண்டனின் மொழியாயிற்று. ஒரே நிகழ்ச்சியை ஒரு மரபு 'யாருக்காக?' என்றும், மற்றது 'யாரால்?' என்றும் வினவக்கூடிய நாடு நமது. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாந் தரப்புக் காப்புறுதி இரண்டாவது வினாவையே பின்பற்றியது.

1961 இன் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைந்ததும், 2003 இல் அது தனியார்மயமானதும், 2009 இல் உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்ததும் நாமறிந்த வரலாறு. உடைமை யாருடையது என்பது முக்கியமே. ஆயினும் உடைமை மாறியதால் மட்டும் ஒப்பந்தத்தின் இலக்கணம் மாறிவிடுவதில்லை. அரசு கூட்டுத்தாபனமும் 'தவறு யாருடையது?' என்று மட்டுமே கேட்குமாயின், தனியார் நிறுவனத்தின் நியாயமே அங்கும் ஆளும்.

சாரதிகளுட் பலர் வாகனத்துக்கும் உரிமையற்ற கூலியுழைப்பாளர். கணப்பொழுதில் அவர்கள் எடுக்கும் முடிவில் கணக்குப் பார்த்தல் இல்லை. அதற்குப் பின்வரும் கணக்கோ அவர்கள் தலையிலேயே விழுகின்றது. உயிருக்கு விலையில்லை என்பது உண்மை. விலையில்லாததைக் காத்தவனின் இழப்பிற்கு விலையுண்டு. அதனைச் செலுத்தவேண்டியது காக்கப்பட்ட சிறுவனுமல்லன், காத்த சாரதியுமல்லன், சமூகமே. அத்தகைய பொதுநிதியை நமது மூன்றாந் தரப்புக் காப்புறுதிச் சட்டத்தில் இணைக்கக் கோருவது முற்போக்காளரின் உடனடிப் பணிகளில் ஒன்றாகும்.