பாமாயில் டின்னும் மாமாவின் தொப்பையும்

போன ரமலானுக்கு கூத்தாநல்லூர் போயிருந்தேன். நோன்பு திறந்து கஞ்சி குடிச்சு முடிச்சதும் மாமா மெதுவா ஆரம்பிச்சார். "மாப்ளே, வீட்ல பாமாயிலை நிறுத்திட்டேன். இனிமே நல்லெண்ணெய்தான். இந்த முப்பது நோன்புல பழைய கொழுப்பெல்லாம் கரைஞ்சிரும். அதான் சுகர் மாத்திரையையும் பாதியாக்கிட்டேன்."

கடைசி வரியைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. பொட்டி தட்டுறவன் சொன்னா மாமா கேட்பாரா? ராத்திரி சஹர் வரைக்கும் உக்காந்து படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி. எண்ணெய்ப் பனை ஆப்பிரிக்க மரம். 1848-ல் நாலே நாலு கன்று ஜாவாவில் உள்ள போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. மலாயாவில் ரொம்ப நாள் அழகுக்குத்தான் வளர்த்தாங்க. 1917-ல் சிலாங்கூர் தென்னமாரம் எஸ்டேட்டில் ஹென்றி ஃபோகோன்னியே என்கிற பிரெஞ்சுக்காரர் வியாபாரத்துக்காக நட்டார். எங்க ஊர் சபுராளிகள் கப்பலேறிப் போன அதே மலாயா! போனவங்க பணம் அனுப்பினாங்க, பின்னாடியே எண்ணெயும் வந்துச்சு. செக்கு நல்லெண்ணெய், கடலெண்ணெய், 1937-லிருந்து டால்டான்னு இருந்த தமிழ்நாட்டு அடுப்படிக்கு 2007-ல் ரேஷன் கடை வழியாகவே பாமாயில் வந்து சேர்ந்தது.

பாமாயிலில் சுமார் 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம், அதாவது நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏறக்குறைய அதே அளவு லினோலெயிக் அமிலம். நாம சாப்பிடுற எண்ணெயின் சாயல் அப்படியே தொப்பையில் பதிவாகுது. 1959-ல் லாஸ் ஏஞ்சலிஸில் முன்னாள் ராணுவத்தினர் இல்லத்தில் சீமோர் டேட்டன் 846 ஆண்களை வச்சு ஒரு ஆய்வு தொடங்கினார். ஒரு பாதிப் பேருக்கு வெண்ணெய் வகையறாவுக்குப் பதிலா சோள, சோயா எண்ணெய்கள். அவங்க உடல் கொழுப்பில் லினோலெயிக் சுமார் மூணு மடங்காச்சு. ஆனா அதுக்கு ஆனது 5 வருஷம்! மாமா கணக்குப் போட்டது 30 நாள்.

சரி, உள்ள இருக்குறது எப்படி வெளிய வருது? 1956-ல் வின்சென்ட் டோல் ஒரு விஷயத்தைக் காட்டினார். பட்டினி கிடந்தா ரத்தத்தில் கொழுப்பு அமிலம் ஏறுது, குளுக்கோஸோ இன்சுலினோ வந்தா சட்டுனு இறங்குது. (ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன் சிகிச்சை கொண்டு வந்தவரும் இவரேதான். மனுஷன் ஒரு இடத்துல நிக்கல.) கொழுப்பு செல்லில் ஒரு கிளிசரால் மேல மூணு அமிலம் உக்காந்திருக்கு. நொதிகள் ஒவ்வொண்ணா பிடுங்குது. முதல் அமிலத்தைப் பிடுங்குற முக்கியமான நொதியையே 2004-லதான் கண்டுபிடிச்சாங்க, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துல ருடால்ஃப் செக்னர் குழு உட்பட. பாடப்புத்தகம் அதுவரைக்கும் வேற நொதியைத்தான் கைகாட்டிட்டிருந்தது.

மாமா பாதி சரி என்பது இங்கதான் வருது. 1993-ல் பிரான்ஸில் ராக்லோவும் குரோஸ்கோலாவும் எலிகளின் கொழுப்பில் பார்த்தாங்க. எல்லா அமிலமும் ஒரே மாதிரி வெளிய வரல. சங்கிலி குட்டையா இருந்தாலோ இரட்டைப் பிணைப்பு நிறைய இருந்தாலோ சீக்கிரம் வருது. மீன் எண்ணெயில் இருக்குற ஐகோசாபென்டனோயிக் முந்திக்குது. நீளமான நிறைவுற்றவை மெத்தனமா கிடக்குது. எந்த எண்ணெய் சாப்பிட்டோம் என்பது கொழுப்பு உடையுற விதத்தைத் தொடுது, உண்மைதான்.

ஆனா வெளிய வர்றது வேற, எரியுறது வேற. பகல் பூரா வெளிய வந்த கொழுப்பு, சாயங்காலம் சமோசாவும் சர்பத்தும் உள்ள போய் இன்சுலின் ஏறினதும் திரும்ப உள்ள போய்ப் படுத்துக்கும். சுகர்காரங்களுக்கு அந்த இன்சுலின் பிடிமானமே தளர்ந்திருக்கு. சாப்பிட்ட பிறகும் ரத்தத்தில் கொழுப்பு அமிலம் சரியா இறங்காது. மாத்திரையைப் பாதியாக்குறவர் கைவைக்கிறது சரியா அந்த இடத்துலதான். நல்லெண்ணெயும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, பாமாயிலும் 9 கலோரி.

சஹர் சாப்பாட்டுல இதையெல்லாம் சொன்னேன். "மாமா, எண்ணெயை மாத்துங்க, நல்லதுதான். மாத்திரையை டாக்டரைக் கேக்காம தொடாதீங்க."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் உள்ள திரும்பி மாமிகிட்ட, "அந்த மாத்திரை டப்பாவை எடு"ன்னார். மறுநாளே மன்னார்குடிக்கு என் பைக்கிலதான் வந்தார், டாக்டர்கிட்ட.