கிரேப்

கோதுமை மாவு, முட்டை, பால், கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து நீர்க்கக் கரைத்து, மெல்லிசாக வார்க்கும் பிரெஞ்சுப் பண்டம். வேர், 'சுருண்ட' எனப் பொருள்படும் லத்தீனின் 'கிறிஸ்புஸ்'. அது பழைய பிரெஞ்சில் 'கிரெஸ்ப்' ஆயிற்று. பின்னர் நடுவிலிருந்த 'ஸ்' உதிர்ந்தது. அதன் அடையாளமாக இன்றும் பிரெஞ்சு எழுத்தில் 'ஏ'காரத்தின் தலைமேல் ஒரு கூரைக்குறி நிற்கிறது. சூட்டில் ஓரம் நெளிந்து சுருள்வதைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்றே தோன்றும். சுருக்கம் விழ நெய்யும் கிரேப் துணிக்கும் இதே வேர்தான்.

வடமேற்குப் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் பக்வீட் மாவில் வார்ப்பது 'கலேத்'. கூழாங்கல்லைக் குறிக்கும் 'கலே'யிலிருந்து பிறந்த சொல். பிப்ரவரி 2, ஷாந்தலர் திருநாளில் பிரெஞ்சு வீடுகளில் கிரேப் வார்ப்பது வழக்கம். வீட்டில் செய்வோர், கரைத்த மாவை அரை மணி நேரமாவது ஊறவிடுங்கள். கிரேப் கிழியாமல் எழும்பும்.