மூட்டக் குழி

எங்கள் தாத்தா குளித்தலைப் பக்கம் வாழைத்தார் மூட்டம் போட்டவர். கொல்லையில் இடுப்பளவு குழி. அடியில் சருகு பரப்பி, தார்களை நெருக்கி அடுக்கி, மேலே இலை போட்டுச் சேறு பூசி மூடுவார். ஓரத்தில் மட்டும் ஒரு வாய் விட்டிருப்பார். வறட்டி கனிகிற பானையின் வாயை அதில் செருகி, பானை அடியிலிருக்கும் ஓட்டை வழியாக ஊதுவார். கோடையில் ஒரு நாள் புகை போதும். மார்கழியில் இரண்டு நாளாவது வேண்டும்.

புகைதான் பழுக்க வைக்கிறது என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் புகை வெறும் கதவு தட்டுகிற ஆள் என்று தெரிந்தது. விளக்கு எரிக்கும் வாயுவில் பட்டாணி நாற்று கோணிக்கொண்டு வளர்வதற்கு எத்திலீன்தான் காரணம் என்று 1901இல் ரஷ்யாவின் நெல்யுபோவ் கண்டார். பழுக்கும் பழமே எத்திலீன் வாயுவை விடுகிறது என்பதை 1934இல் இங்கிலாந்தின் கேன் நிரூபித்தார். வறட்டிப் புகையிலும் அது இருக்கிறது. அது பட்டதும் காய் தன் நொதிகளை எழுப்பிவிடும். செல்லையும் செல்லையும் ஒட்டவைக்கும் பசை பெக்டின். சில நொதிகள் அதை வெட்ட வெட்டச் சதை இளகும். வேறு சில மாவைச் சர்க்கரையாக்கும்.

தாத்தாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் ரஸ்தாளியை மட்டும் முந்தியே குழியிலிருந்து எடுத்துவிடுவார். நொதி காம்புக் கழுத்தையும் விடாது. அங்கே இளகினால் தூக்கும்போதே பழம் பொலபொலவென்று கொட்டும். உதிரிக்குப் பாதி விலைதான்.

பிறகு சித்தப்பா காலம். கார்பைடு கல்லைப் பொட்டலம் கட்டித் தார்களுக்கு நடுவே வைத்தார். ஈரம் பட்டதும் அசிட்டிலீன் கிளம்பி எத்திலீன் வேஷம் போடும். முற்றாத காயும் மஞ்சளாகிவிடும். தோலின் பச்சை கலைவது ஒரு வேலை, சதை இளகுவது வேறு வேலை. சட்டம் இன்று கல்லைத் தடுத்திருக்கிறது. அளவோடு எத்திலீன் வாயு வைக்கலாம் என்று 2016இல் அனுமதியும் வந்தது. இதெல்லாம் சித்தப்பாவுக்கு ரொம்பத் தாமதம்.

ஒரு கல்யாண வீட்டிலிருந்து தார் திரும்பி வந்தது. பார்க்கத் தங்கம் மாதிரி இருந்தது. தாத்தா கட்டைவிரலால் அழுத்தினார், பதியவில்லை. சித்தப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு சீப்பை அறுத்துப் பாட்டியிடம் நீட்டினார்.

"இந்தா, பொரியலுக்கு ஆகுமான்னு பாரு."