சோதிப்பவரின் மொழி: திறந்தமூல உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் மேம்பாட்டில் தமிழின் இடம்

நிரல் எழுதத் தெரியாதவரும் இணையத்தளம் நடத்த உதவுவது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். கட்டுரைகளும் உறுப்பினர் கணக்குகளும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. பக்கத்தின் தோற்றத்தை வார்ப்புரு கவனித்துக்கொள்கிறது. கூடுதல் தேவைகளுக்கு நீட்சிகள் இருக்கின்றன. இவ்வகை மென்பொருள்களுள் பரவலாக அறியப்பட்ட ட்ரூபல் (2001), வேர்ட்பிரஸ் (2003), ஜூம்லா (2005) ஆகிய மூன்றும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகின்றன. எவரும் இவற்றின் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அடுத்த பதிப்பில் எந்த வசதி சேர வேண்டும், எது நீங்க வேண்டும் என்பதை நிரலாளர்கள் பொதுவில் விவாதித்தே முடிவு செய்கிறார்கள். அந்த விவாதத்தில் பங்கேற்போரின் மொழிப் பழக்கம் மென்பொருளின் உள்ளமைப்பிலேயே பதிந்துவிடுகிறது என்பதும், தமிழ்ப் பயனர்கள் மொழிபெயர்ப்போடு நின்றுவிடாமல் சோதனைப் பணியில் இறங்கினால்தான் அந்த நிலை மாறும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். நான்கு மொழிகள் அன்றாடம் புழங்கும் மலேசிய நகரமான சுபாங் ஜெயாவும் அது அமைந்துள்ள கிள்ளான் பள்ளத்தாக்கும் இப்பணிக்குப் பொருத்தமான களங்கள்.

1. முடிவெடுக்கும் முறை

ஜூம்லா பிறந்ததே முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியிலிருந்துதான். ஆஸ்திரேலியாவின் மிரோ நிறுவனம் உருவாக்கிய மாம்போ என்ற மென்பொருளை உலகெங்குமுள்ள தன்னார்வ நிரலாளர்கள் வளர்த்துவந்தனர். 2005இல் மாம்போவுக்கென ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டபோது, அதில் சமூகத்துக்கு உரிய இடம் இல்லை என்று கருதிய மைய நிரலாளர் குழு ஆகஸ்ட் மாதத்தில் வெளியேறியது. அடுத்த மாதமே அதே நிரலை அடித்தளமாகக் கொண்டு ஜூம்லா 1.0 வெளிவந்தது. திறந்த உரிமம் இருந்ததால்தான் இப்பிரிவு சாத்தியமாயிற்று. நிரல் பொதுவாக இருந்தாலும் தீர்மானிக்கும் உரிமை தானாகப் பொதுவாகிவிடாது என்ற பாடமும் இதிலிருந்து கிடைத்தது.

ஜூம்லாவின் இன்றைய நடைமுறையில் இந்தப் பாடத்தின் தடத்தைக் காணலாம். ஒருவர் மாற்றம் ஒன்றை முன்வைக்கும்போது என்ன மாற்றம், எப்படிச் சோதிப்பது, மாற்றத்துக்கு முன் கிடைக்கும் விளைவு என்ன, பின் கிடைக்க வேண்டிய விளைவு என்ன என்பவற்றை எழுதித் தர வேண்டும். மாற்றத்தை எழுதியவர் அல்லாத இருவர் தத்தம் கணினியில் சோதித்து, சரியாக இயங்குகிறது என்று பதிவு செய்த பிறகே அது சேர்க்கத் தக்கது என்ற நிலையை அடைகிறது. இறுதி முடிவு பராமரிப்பாளர்களின் கையில் இருக்கிறது. ஆனால் சோதனைக்கு நிரலறிவு கட்டாயமில்லை. தளத்தை நிறுவவும், குறிப்பைப் படித்து அதன்படி செய்யவும், கண்டதை எழுதவும் தெரிந்தால் போதும். நிரலாளர் அல்லாத பயனருக்குக் கிடைக்கும் மிக வலுவான வாக்கு இது.

வேர்ட்பிரஸின் அனுபவம் வேறு வகையானது. டிசம்பர் 2018இல் வெளிவந்த 5.0 பதிப்பு, பழைய எழுது பலகையின் இடத்தில் கட்டங்களாக அடுக்கி எழுதும் குட்டன்பர்க் தொகுப்பியைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பழைய பலகையை விரும்பியோருக்குத் தனிச் செருகுநிரல் வழங்கப்பட்டது. ஒரு பிரிவினர் கிளாசிக்பிரஸ் என்ற பெயரில் பிரிந்தே சென்றனர். பெரிய மாற்றங்களில் தலைமையின் நோக்கு மேலோங்கும். சிறிய மாற்றங்களில் சோதித்துச் சான்று தருபவரின் சொல் எடுபடும். தமிழுக்கு வேண்டியவை பெரும்பாலும் இந்தச் சிறிய மாற்றங்களே.

2. நிரலுக்குள் ஒளிந்திருக்கும் மொழி

ஜூம்லா 1.0இன் ஆங்கில மொழிக்கோப்பு ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தையே அறிவித்தது. அக்காலத் தமிழ்த் தளங்கள் பல தகுதரம் போன்ற எட்டுபிட் குறியாக்கங்களையும் அவற்றுக்கான எழுத்துருக்களையும் நம்பியிருந்தன. ஜனவரி 2008இல் வந்த ஜூம்லா 1.5 யூனிகோடு குறியாக்கமான யூடிஎஃப்-8க்கு முழுமையாக மாறியது. பைட் கணக்கில் சரங்களை வெட்டும் பிஎச்பி மொழியின் குறையை ஈடுசெய்யத் தனி நூலகமும் அதில் இணைக்கப்பட்டது. தமிழ், மலாய், சீனம் மூன்றையும் ஒரே பக்கத்தில் சிதையாமல் காட்ட வழி பிறந்தது. ஆனால் எழுத்து திரையில் தெரிவதோடு மொழியின் தேவை முடிந்துவிடுவதில்லை. முகவரி, தேடல், வரிசை ஆகிய மூன்று இடங்களில் சிக்கல் இன்னும் தொடர்கிறது.

முதலாவது, முகவரி. வேர்ட்பிரஸில் கட்டுரைத் தலைப்பிலிருந்து பக்க முகவரியின் இறுதித் துண்டு தானாக உருவாகிறது. அதற்கு 200 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழ் எழுத்தையோ துணைக்குறியையோ குறிக்கும் யூனிகோடு எண்ணான குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரு இலக்கங்களுமாக எழுதப்படுவதால் ஒரு குறியெண்ணுக்கு ஒன்பது இடங்கள் செலவாகின்றன. ஆக, தமிழுக்குக் கிடைப்பவை 22 குறியெண்கள். அவற்றிலும் மெய்யெழுத்தின் புள்ளி தனியாகவும் உயிர்மெய்யின் குறி தனியாகவும் எண்ணப்படுகின்றன. ‘பத்துமலைத் தைப்பூசத் திருவிழா’ என்று தலைப்பிட்டால், முதல் சொல்லுக்கு 90 இடங்கள், இரண்டாம் சொல்லுக்கு 81, சொற்களுக்கிடையிலான இரு கோடுகளுக்கு 2 என 173 இடங்கள் போக, மூன்றாம் சொல்லுக்கு 27 இடங்களே மிஞ்சுகின்றன. ‘திருவிழா’ என்ற சொல் ‘திர’ என்று அறுபட்டு நிற்கிறது. மூன்றே சொற்கள் கொண்ட தலைப்பின் நிலை இது.

ஜூம்லாவில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. முகவரியில் யூனிகோடு எழுத்துகளை அனுமதிக்கும் அமைப்பு அதில் உண்டு; ஆனால் இயல்புநிலையில் அது அணைந்திருக்கிறது. அப்போது தமிழ்த் தலைப்பின் எழுத்துகள் எல்லாம் நீக்கப்படுகின்றன. எதுவும் மிஞ்சாததால் அன்றைய தேதியும் நேரமுமே முகவரியாகின்றன. அமைப்பை இயக்கிவிட்டால் தமிழ் எழுத்துகள் அப்படியே சேமிக்கப்படுகின்றன. தீர்வு உள்ளேயே இருந்தும், தேடிக் கண்டுபிடிப்பவருக்கு மட்டுமே அது கிட்டுகிறது.

இரண்டாவது, தேடல். ஜூம்லா 3 வரிசையில் இருந்த இயல்புத் தேடல், மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல்லை ஏற்காது என்று ஆங்கில மொழித்தொகுப்பு வரையறுத்தது. தேவையற்ற சிறு சொற்களை விலக்க ஆங்கிலத்துக்கு இது பொருந்தும். தமிழில் ‘தை’, ‘பூ’, ‘தீ’, ‘கை’ எல்லாம் முழுப்பொருள் தரும் சொற்கள். கணினியின் கணக்கில் ஒவ்வொன்றும் இரண்டே குறியெண்கள். இந்த எல்லையை மாற்றும் உரிமையை ஜூம்லா அந்தந்த மொழித்தொகுப்புக்கே கொடுத்திருந்தது என்பது கவனிக்கத் தக்கது. பொத்தான்களின் பெயர்களை மொழிபெயர்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் இப்படிப்பட்ட வாய்ப்பு கண்ணில் படாமலே போய்விடும்.

சொல்லின் திரிபும் தேடலைப் பாதிக்கிறது. ‘பள்ளி’ என்று தேடினால் ‘பள்ளியில்’ அகப்படலாம். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ அகப்படாது. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் ஈறே மாறும் மொழிக்குப் பகுதியைப் பிரித்தறியும் நிரல் தேவை. ஸ்னோபால் என்ற திறந்தமூலத் திட்டத்தில் தமிழுக்கான அத்தகைய நிரல் ஏற்கெனவே உண்டு. ஆனால் ஜூம்லா 4 இணைத்துக்கொண்ட பிஎச்பி நூலகம் ஐரோப்பிய மொழிகளையே கையாள்கிறது. இருக்கும் ஒன்றை வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான் மிச்சம்.

மூன்றாவது, அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும் இடம்பெற்றுள்ளன. பட்டியலைக் குறியெண் வரிசையில் அடுக்கும் நீட்சி ‘அன்பு’ என்பதை ‘அப்பா’வுக்கு முன்னும், ‘அறை’ என்பதை ‘அலை’க்கு முன்னும் வைத்துவிடும். அகராதி புரட்டிப் பழகியவருக்கு இது உடனே புலப்படும். தமிழ் அறியாத நிரலாளருக்குப் புலப்பட வழியில்லை.

3. கேட்டவர்களுக்குக் கிடைத்தவை

இக்குறைகளைப் புறக்கணிப்பின் விளைவு என்று கொள்வது பொருந்தாது. சான்றோடு கேட்ட மொழிச் சமூகங்களுக்கு வழி பிறந்திருக்கிறது. வேர்ட்பிரஸ் கட்டுரைச் சுருக்கத்துக்கு இயல்பாக 55 சொற்களை எடுக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி விடாத ஜப்பானிய மொழியில் இக்கணக்கு செல்லாது. ஜப்பானியப் பயனர்கள் இதற்கெனச் செருகுநிரல் எழுதித் தங்கள் மொழிப்பதிப்போடு சேர்த்தே வழங்கினர். சொல்லால் எண்ணுவதா, எழுத்தால் எண்ணுவதா என்பதை மொழிபெயர்ப்பாளரே குறிக்கும் வழி இன்று அடிப்படை நிரலிலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியின் இருபுள்ளி ஏறிய உயிரெழுத்துகள் முகவரியில் இரண்டெழுத்தாக விரிய வேண்டும் என்ற மரபும் வேர்ட்பிரஸின் நிரலில் இடம்பெற்றிருக்கிறது. வலமிருந்து இடம் எழுதும் அரபு, ஹீப்ரு மொழிகளுக்கு ஜூம்லா 1.5 இடமளித்தது.

நீட்சிகள் இருக்கும்போது அடிப்படை நிரலை ஏன் தொட வேண்டும் என்ற மறுப்பு எழலாம். ஜூம்லாவின் நீட்சி உலகில் மலேசியாவுக்கு நல்ல பெயர் உண்டு. ஸ்லாஷஸ் அண்ட் டாட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஜோம்சோஷியல், ஸ்டேக்ஐடியாஸ் நிறுவனத்தின் ஈசிபிளாக், ஈசிசோஷியல் ஆகியவை இந்நாட்டில் உருவாகி உலகெங்கும் விற்பனையானவை. கோலாலம்பூர் வட்டாரத்துக்கு நிரல்திறன் குறைவில்லை என்பதற்கு இவையே சான்று. ஆனால் அடிப்படை நிரலின் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் நீட்சியையும் திருத்தி எழுத வேண்டும். விற்பனையாகும் நீட்சிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பயன்படுத்தும் இலவச நீட்சிக்குக் கட்டுப்படியாவது கடினம். எழுதியவர் விலகிவிட்டால் நீட்சி அநாதையாகிவிடும். அடிப்படை நிரலில் சேர்ந்தது பதிப்புதோறும் பேணப்படும்.

இன்னொரு மறுப்பு செலவு பற்றியது. முகவரித் துண்டின் 200 இடங்களை நீட்டுவது எளிது போலத் தோன்றும். தரவுத்தளக் கட்டமைப்பில் கைவைத்தால் கோடிக்கணக்கான பழைய தளங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2015இல் வேர்ட்பிரஸ் 4.2 நான்கு பைட் எழுத்துகளை ஏற்கத் தொடங்கியபோது, மையெஸ்க்யூஎல் தரவுத்தளம் சொல்லடைவுக்கு விதித்த 767 பைட் வரம்புக்குள் அடங்குவதற்காகச் சில சொல்லடைவுகளின் நீளம் 191ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு வசதிக்காக இன்னொன்றைச் சுருக்க நேர்ந்தது. ஆகவே பராமரிப்பாளர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. அந்தத் தயக்கத்தை நீக்கக்கூடியது உணர்ச்சிமிக்க வேண்டுகோள் அல்ல. எந்தத் தலைப்பு, எந்த இடத்தில், எப்படி அறுபடுகிறது என்று காட்டும், திரும்பச் செய்து பார்க்கத்தக்க சோதனையே அதைச் செய்யும்.

4. கிள்ளான் பள்ளத்தாக்கின் தகுதி

சீபீல்ட் ரப்பர்த் தோட்ட நிலத்தில் 1970களின் நடுப்பகுதியில் எழத் தொடங்கி, 2020இல் மாநகரத் தகுதி பெற்ற சுபாங் ஜெயாவுக்கு இணையவழிக் குடிமை வாழ்வில் நீண்ட மரபு உண்டு. நகரின் யூஎஸ்ஜே குடியிருப்புப் பகுதியின் பெயரில் 1999இல் தொடங்கிய இணையச் சமூகம், குடியிருப்பாளர்களின் குறைகளை ஊராட்சியின் முன் வைக்கும் களமாக வளர்ந்தது. மானிடவியலாளர் ஜான் போஸ்டில் இந்நகரில் கள ஆய்வு செய்து 2011இல் நூல் வெளியிட்டார். அந்த இணைய வாழ்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனாலும் குறையைப் பதிவுசெய்து, தொடர்ந்து பின்பற்றித் தீர்வு காணும் அதே பழக்கம் மென்பொருள் சோதனைக்கும் அடிப்படையாகும்.

தமிழ்க் கணிமையிலும் இவ்வட்டாரத்தின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சல் உலகத் தமிழர்களின் தட்டச்சுக் கருவியாயிற்று. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் உருவானபின் 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எழுத்துரு, விசைப்பலகை, குறியாக்கம் ஆகியவற்றில் தமிழுக்கு வேண்டியதை அத்தலைமுறை தரநிர்ணய அவைகளில் அமர்ந்தே பெற்றது. அடுத்த படி, பயன்பாட்டு மென்பொருளின் விவாதங்களில் அதே முனைப்போடு அமர்வது.

அரசுத் துறையின் சூழலும் இதற்கு இணக்கமாக இருந்திருக்கிறது. 2004இல் மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறந்தமூலப் பெருந்திட்டத்தை அறிவித்தது. நிருவாக நவீனமயத் திட்டப் பிரிவான மாம்பு அதை வழிநடத்தியது. எனினும் அரசு தரும் ஊக்கம் மலாய், ஆங்கிலத் தேவைகளை நிறைவேற்றும் அளவுக்குத் தமிழின் தேவைகளை எட்டும் என்று எதிர்பார்க்க இயலாது. அந்த இடைவெளியைச் சமூகமே நிரப்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை நடைமுறைக்கு எட்டியவை. நீண்ட கூட்டுச்சொற்கள், ஓரெழுத்து ஒருமொழிகள், ஈறு திரியும் பெயர்கள், அகரவரிசையில் பிறழக்கூடிய இணைகள் ஆகியவற்றைக் கொண்ட பொதுச் சோதனைத் தொகுப்பு ஒன்று முதலில் வேண்டும். புதிய பதிப்பின் முன்னோட்டம் வெளிவரும்போதெல்லாம் அத்தொகுப்பைக் கொண்டு சோதித்து, பிழைகளை விளைவோடு பதிவு செய்ய வேண்டும். சன்வே, சுபாங் ஜெயா வட்டாரத்தில் கணினியியல் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு இது தகுந்த பயிற்சி. தமிழாசிரியர்கள் துணை நின்றால் எது பிழை, எது மரபு என்ற தெளிவும் சேரும். வேர்ட்பிரஸ் மொழிபெயர்ப்பில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனிக் குறிகளோடு இயங்குகின்றன. சோதனைப் பணிக்கு அப்படிப் பிரிந்து நிற்கத் தேவையில்லை. புள்ளியும் உயிர்க்குறியும் அகரவரிசையும் எல்லா நாட்டுத் தமிழுக்கும் ஒன்றே. சுபாங் ஜெயாவில் கண்டறியப்படும் பிழை தீர்ந்தால் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் சேர்த்தே தீரும்.

திறந்தமூல மென்பொருளில் ஒரு மொழியின் இடம் பேசுவோரின் எண்ணிக்கையால் உறுதிப்படுவதில்லை. அம்மொழியில் சோதித்துச் சான்று தருவோரால்தான் உறுதிப்படுகிறது. ஜூம்லாவின் விதிப்படி ஒரு மாற்றம் சேர்க்கத் தக்க நிலையை அடைய இருவரின் சோதனை போதும். தமிழுக்கான ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் முதலில் வேண்டியது, அதைத் தமிழில் தட்டிப் பார்த்து முடிவை எழுதும் இருவரே.