வாரண்டி அட்டையின் பூர்வீகம்

புதிதாக வாங்கிய லேப்டாப்பின் திரை பத்தாம் நாளே இருண்டுபோனால் முதலில் தேடுவது வாரண்டி அட்டையை. பிறகு சர்வீஸ் சென்டர், ஜாப் ஷீட், 'போர்டு வரணும் சார்' என்ற பதில், வாரக்கணக்கில் காத்திருப்பு. பணம் வாங்கிக்கொண்டு பொருளை விற்ற கடைக்காரர் இதில் எங்குமே தலைகாட்டுவதில்லை. அவரைக் கேட்கலாம் என்ற நினைப்பு வாங்கியவருக்கும் வருவதில்லை. அட்டைதான் உரிமையைத் தருகிறது என்று நாம் நம்புவதால் வந்த நிலை இது. உண்மையில் உரிமை அட்டைக்கு முந்தியது. அதற்கு வேலி போடத்தான் அட்டை பெரிதும் பயன்பட்டது.

பழைய ஆங்கிலச் சட்டம் விற்பவருக்கே சாதகமாக இருந்தது. விஷத்தை முறிக்கும் பெசோவார் கல் என்று சொல்லி ஒரு பொற்கொல்லர் நூறு பவுனுக்கு விற்ற கல் போலி என்று 1603இல் ஒரு வழக்கு. வெறுமனே சொன்னது போதாது, பொறுப்பேற்று உறுதி அளித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஏமாந்தவனுக்கே அபராதம் போட்டது போன்ற இந்தத் தீர்ப்பின் நிழல் விலக வெகுகாலம் ஆயிற்று. வணிகம் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் மெல்ல இறங்கிவந்தன. அந்த மாற்றத்தை இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டம் தொகுத்தது. அதைப் பின்பற்றி எழுதப்பட்டதே இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 16ஆம் பிரிவுப்படி, ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் தரும் பொருள் விற்பனைக்குரிய தரத்தோடு இருந்தாக வேண்டும். யாரும் வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஒளிந்திருந்த குறைக்கும் விற்றவரே பொறுப்பு. ஆனால் அதே சட்டம் 62ஆம் பிரிவில் ஒரு கதவைத் திறந்துவைத்தது: இத்தகைய உரிமைகளை இரு தரப்பும் ஒப்பந்தம் செய்து நீக்கிக்கொள்ளலாம்.

இப்படி ஒரு கதவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கக் கார் தொழில் காட்டியது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்த ஹென்னிங்சன் வழக்கில், 1955இல் வாங்கிய பிளிமவுத் கார் கைக்கு வந்து பத்தே நாளில் ஸ்டியரிங் பழுதாகிச் சுவரில் மோதியது. கார் ஓடியிருந்தது 468 மைல். வாரண்டி என்ன சொன்னது? 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள் பழுதான பாகத்தை, அனுப்பும் செலவை வாங்கியவரே ஏற்றுத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் மாற்றித் தரப்படும். மற்ற எல்லா உறுதிகளும் இதோடு ரத்து. ஏறக்குறைய எல்லாக் கார் நிறுவனங்களும் தங்கள் சங்கம் வகுத்த இதே வாசகத்தைத்தான் அச்சிட்டன. வேறு கம்பெனிக்குப் போய்ப் பயனில்லை என்றால் அங்கே ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று கேட்ட நீதிமன்றம், அந்த விலக்கு செல்லாது என்றது. 1975இல் வந்த மாக்னுசன்–மாஸ் சட்டம் ஒரு படி மேலே போனது. எழுத்தில் வாரண்டி தருபவர், சட்டம் தரும் உறுதிகளை முற்றாக மறுக்கக் கூடாது என்றது.

அட்டையே இல்லாவிட்டால் தயாரிப்பாளரிடம் போக வழி ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒப்பந்தம் கடைக்காரரோடு மட்டுமே. எங்கோ இருக்கும் தயாரிப்பாளரை நேரடியாகக் கட்டிப்போட்டது அட்டைதான். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் புதிதாக ஒருவரைப் பொறுப்பாளியாக்க, ஏற்கெனவே இருந்தவரை விடுவித்தாக வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. இன்னொரு மறுப்பு பொருளாதார அறிஞர்களிடமிருந்து வருகிறது. வாரண்டி ஒருவகைக் காப்பீடு. வரம்பில்லாமல் கொடுத்தால், முரட்டுத்தனமாகக் கையாள்பவரின் செலவை நிதானமானவர் விலையில் சுமப்பார் என்று 1981இல் ஜார்ஜ் பிரீஸ்ட் வாதிட்டார். தேய்ந்த கீபோர்டுக்கும் தளர்ந்த பேட்டரிக்கும் அது பொருந்தும். பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளிருந்த பழுதில் பயன்படுத்தியவருக்குப் பங்கே இல்லை. தொழிற்சாலையில் நேர்ந்ததை அவர் தலையில் கட்ட இந்த வாதம் உதவாது.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்ட அளவிலேயே மன்றம் அமைத்தது. பழுதை நீக்கவும், மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட அதற்கு அதிகாரம் தந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தர வழிசெய்ததோடு, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றது. அதற்குக் காலம் 30 நாள். இதற்குள் சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் கழிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே 1930ஆம் ஆண்டுச் சட்டமும் கருதும். அப்படி ஏற்றுவிட்டால் பொதுவாக இழப்பீடு கேட்கலாமே தவிரப் பொருளைத் திருப்பித் தர முடியாது. ஆகவே பழுது தெரிந்ததும் கடைக்காரருக்கு எழுத்தில் மறுப்பை அனுப்பிவிட்டு, பிறகு ஜாப் ஷீட்டுக்குப் போவதே சரி. அந்த 30 நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. பில்லில் வேறு காலம் குறித்திராவிட்டால்தான் அது பொருந்தும். ஏழு நாள் என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால் இந்தப் பிரிவின் கீழ் ஏழு நாள்தான்.