சிப்பிக் கூடையில் வந்த எலும்பு: திருச்சிக் கடற்படிவுகளில் இக்தியோசார் சேகரிப்பு

போச்சம்பள்ளி வட்டாரத்தில் எந்தக் கிரானைட் குவாரியில் இறங்கித் தேடினாலும் ஒரு கடல் ஊர்வனவின் எலும்புகூடக் கிடைக்காது. கிருஷ்ணகிரி மாவட்டத்து நைஸ் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை; எலும்புள்ள உயிர் எதுவும் தோன்றாத காலத்தவை. ஆனால் இப்பாறைகளுக்கும் கடல் ஊர்வனவற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேற்கே மேடாக நின்ற இந்தப் பழம்பாறை நிலத்தின் கிழக்கு விளிம்பில், இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில், கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் ஏறி வந்தது. தமிழகத்தில் கடல் ஊர்வன எலும்பைத் தேடுபவர் போகவேண்டிய இடம் அதுதான்.

அங்கே எலும்பு எப்படிச் சேகரிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சேகரித்தவர்களில் பெரும்பாலோர் தேடிப் போனது சிப்பியைத்தான். எலும்பு உடன் வந்தது. பின்னால் எழுந்த சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் நிலைமை வேறு. 1811இல் ஜோசப் ஆனிங் கடல் ஊர்வனவான இக்தியோசார் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு அவருடைய தங்கை மேரி உடலின் எஞ்சிய பகுதியைக் கண்டெடுத்தார். 1823இல் மேரி, மற்றொரு கடல் ஊர்வனவான பிளீசியோசாரின் முழுமையான எலும்புக்கூடு ஒன்றையும் எடுத்தார். ஜுராசிக் கால எலும்பை விலைகொடுத்து வாங்கக் கனவான்களும் அருங்காட்சியகங்களும் இருந்ததால், அந்த ஏழைக் குடும்பத்துக்கு அது பிழைப்பானது. முழு உடலுக்குத்தான் நல்ல விலை. ஆகவே ஒரு துண்டு கிடைத்தால் மீதியையும் தோண்டித் தேட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

பெரம்பலூரும் அரியலூரும் அடங்கிய அன்றைய திருச்சிச் சீமையில் வாங்குபவர் இல்லை, அலுவலர்களே இருந்தனர். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் படிமங்களைத் திரட்டினர். அவற்றின் சிப்பி, நத்தை வகைகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். 1851இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அமைந்தது. அத்துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்ட் இப்பகுதியை அளந்து, பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து, 1862இல் அறிக்கை வெளியிட்டார். அந்தப் பிரிப்பு இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒரு அடுக்கின் வயதை ஐரோப்பாவின் அடுக்கோடு ஒப்பிட அவருக்குத் தேவைப்பட்டவை அம்மோனைட்டும் சிப்பியும். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை உழைத்துப் பெருந்தொகுதிகளாக எழுதியதும் அவற்றைப் பற்றித்தான். ஊர்வன எலும்பு வயது சொல்ல உதவாது; ஆகவே காத்திருந்தது.

1879இல் புதைபடிவ ஆய்வாளர் ரிச்சர்ட் லிடெக்கர் அந்த எலும்பை ஆய்வுக்கு எடுத்தார். உத்தத்தூர்த் தொகுதியில் கிடைத்த முதுகெலும்பு வட்டுகளை வைத்து ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். இக்தியோசாரின் வட்டு மிகக் குறுகலானது. இரு முகமும் குழிந்திருக்கும். இரண்டு அகல்விளக்குகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டினால் எப்படியோ அப்படி. பார்த்ததும் இக்தியோசார் என்று சொல்லிவிடலாம், எந்த இக்தியோசார் என்று சொல்ல முடியாது. மண்டையோடும் துடுப்பெலும்பும் இல்லாமல் இனம் பிரிப்பது கடினம் என்பதால், பின்வந்தவர்களில் சிலர் இப்பெயரை ஐயத்துக்குரியது என ஒதுக்கினர். லிடெக்கரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேசைக்கு வந்ததை அவர் நேர்மையாக விவரித்தார். குறை மேசைக்கு வந்த விதத்தில் இருந்தது.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் பெரிய நகர்வு இல்லை. 2011இல் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத் உள்ளிட்டோர் உத்தத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரைப் படிவத்தின் முதுகெலும்பிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் சுறாப் பற்களோடு இக்தியோசாரும் மறுபடி இடம்பெற்றது. அவர்கள் கணித்த வயது கிரெட்டேசியஸின் ஒரு பிரிவான செனோமேனியனின் தொடக்கம், அதாவது சுமார் 10 கோடி ஆண்டுகள்.

இந்த வயதுதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. உலகக் கடல்களிலிருந்து இக்தியோசார்கள் அடியோடு மறைந்தது செனோமேனியன் முடிவை ஒட்டி, ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன். காரைப் படிவம் அந்த எல்லைக்கு முன்னும் பின்னும் நீள்கிறது. ஒரு வட்டு அந்த அடுக்கில் எவ்வளவு உயரத்தில் கிடந்தது என்பது தெரிந்தால், அந்த அழிவின் காலத்தைப் பற்றித் தமிழகத்து மண் சாட்சி சொல்லும். ‘உத்தத்தூர்த் தொகுதி’ என்று மட்டும் எழுதிய சீட்டு அதைச் சொல்லாது.

காரை, குளக்காநத்தம் பக்கத்துச் செம்பழுப்புக் களிமண் நிலத்தில் அந்த உயரத்தைக் குறிப்பது எளிதல்ல. மழை ஓடைகள் அறுத்த மேடும் பள்ளமும், குறுக்கும் நெடுக்கும் பளபளக்கும் ஜிப்சமும், காலில் இடறும் பெலம்னைட் குச்சிகளும் நிறைந்த இடம் அது. ஒவ்வொரு மழையும் புதிதாக ஏதாவது ஒன்றை வெளியே தள்ளும்; உருண்டு வந்தது ஓடையின் அடியில் கிடக்கும். அதை உடனே பையில் போட்டுக்கொள்வதுதான் கைப்பழக்கம். செய்யவேண்டியது வேறு: கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சரிவில் மேலே ஏறி, அதே எலும்பின் சில்லுகள் எந்த மட்டத்தோடு நின்றுபோகின்றன என்று பார்க்கவேண்டும். சில்லு நிற்கும் மட்டமே அதன் அடுக்கு. வெடித்த எலும்பைத் தூக்குமுன் பசை ஊட்டி இறுக்கவேண்டும். பெரியதென்றால் சுற்றிலும் தோண்டி, சாக்குத் துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் வைத்துக் கட்டவேண்டும்.

தனித்த எலும்பு எவ்வளவு தூரம் குழப்பும் என்பதற்குத் திராவிடோசாரஸ் சான்று. யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் திருச்சிராப்பள்ளித் தொகுதியிலிருந்து இதை முதுகில் தகடுள்ள தரை டைனோசராக விவரித்தனர். 1996இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் இவை சிதைந்த பிளீசியோசார் எலும்புகள் என்றனர். சட்டர்ஜியின் கருத்தை ஏற்காதவர்களும் உண்டு. தரையில் நடந்ததா, கடலில் நீந்தியதா என்பதே வழக்கு! கல்லமேட்டிலிருந்து யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் பெயரிட்ட புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகளோ பின்னாளில் நொறுங்கியே போயின; எஞ்சியவை படங்களும் விவரணையும்தாம்.

முழுமையாக எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைக் குஜராத்தின் கட்ச் காட்டியது. லோடாய் கிராமத்தருகே ஜுராசிக் பாறையில் கிடைத்த இக்தியோசாரை பிரசாத் குழுவினர் 2017 அக்டோபரில் வெளியிட்டனர். நீளம் சுமார் 5.5 மீட்டர், வயது ஏறத்தாழ 15.2 கோடி ஆண்டு. மண்டையோட்டிலும் வாலிலும் சில பகுதிகள் தவிர உடல் கிடந்தபடியே கிடைத்தது. இந்தியாவின் முதல் ஜுராசிக் இக்தியோசார் இது. பற்களின் தேய்மானத்தைக் கொண்டு அது கடினமான இரையைக் கடித்து உண்டது என்று சொல்ல முடிந்தது. உதிரி வட்டிலிருந்து இரையைப் பற்றி ஒரு சொல்லும் எழுத முடியாது.

இக்தியோசாரைப் பொறுத்தவரை காரைப் பக்கம் எஞ்சியிருக்கும் நிலம் சிறியது. சுற்றிலும் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் விரிகின்றன. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பது நல்ல தொடக்கம். புவிமரபு இடங்களைக் காக்க ஒன்றிய அரசு 2022இல் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டது. காரையின் ஓடைகளை அடுக்கு வாரியாக அளந்து எண்ணிட்டு, எந்தப் பள்ளி மாணவர் எதைக் கண்டெடுத்தாலும் அந்த எண்ணோடு வாரணவாசியில் பதிவுசெய்ய ஏற்பாடு செய்யச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நில அளவைக் குழுவும் ஒரு பதிவேடும் இருந்தால் அடுத்த மழைக்கு முன்பே அதைத் தொடங்கிவிடலாம்.